512க்கு ஒன்றா, 512இல் ஒன்றா?

"மாமா, அந்தப் பிசாசு எனக்கு ரெண்டு சாட்டை பாக்கி வச்சிருக்கு" என்றான் மச்சினன். சனிக்கிழமை ராத்திரி, மணி பதினொன்றே முக்கால்.

பிசாசு என்று அவன் சொன்னது ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற கணினி விளையாட்டில் ஒரு கல்கோபுரத்தின் மாடியில் அலையும் அபிஸ்ஸல் டீமனை. அதை அடித்துக் கொன்றால் எப்போதாவது ஒரு சாட்டை விழும். விழுவதற்கான வாய்ப்பு 1/512. அன்றைய கணக்குப்படி அவன் 1,340 பிசாசுகளைக் கொன்றிருந்தான். சாட்டை ஒன்றுகூட விழவில்லை.

"512க்கு ஒண்ணுன்னா 1,024க்கு ரெண்டு வந்திருக்கணும். மூணாவதுக்குப் பாதி வழி தாண்டியாச்சு. இதுல என்ன தப்பு?"

தப்பு 'க்கு'வில் இருக்கிறது என்று நான் சொன்னேன். அங்கே தொடங்கிய வாக்குவாதம் ஒரு மணிக்கு மேல் ஓடியது. மச்சினன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். நாலு வருடமாக ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மேல் போர்ஷனில் இருக்கிறான். மாமியார் கீழே எங்களோடு. எங்கள் வீட்டில் அரசியல் சண்டை கிடையாது, சொத்துச் சண்டை கிடையாது. இருப்பதெல்லாம் இந்த மாதிரிச் சண்டைகள்தான்.

சரி, அந்தக் 'க்கு'வுக்கு வருகிறேன். தமிழில் "பத்துக்கு ஒன்று" என்றால் ஒப்பந்தம். பத்து கொடுத்தால் ஒன்று வந்தாக வேண்டும். துணிக்கடையில் "ரெண்டுக்கு ஒண்ணு இலவசம்" என்று எழுதிப் போட்டிருந்தால் ரெண்டு எடுத்தவன் ஒன்றைக் கேட்டு வாங்குவான், கொடுக்காவிட்டால் சண்டை போடுவான். "பத்தில் ஒன்று" என்பது வேறு. அது வெறும் விவரம், யாரும் யாருக்கும் எதையும் தரவேண்டியதில்லை. 1/512 என்ற பின்னத்தை நாம் வாய்விட்டுப் படிக்கும்போது எந்த உருபைப் போடுகிறோமோ, அதுவே நம் எதிர்பார்ப்பை முடிவு செய்துவிடுகிறது. மச்சினன் நான்காம் வேற்றுமையில் விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டின் சர்வர் ஏழாம் வேற்றுமையில் ஓடுகிறது. ஒவ்வொரு பிசாசு செத்ததும் அது புதிதாக ஒரு பகடை உருட்டுகிறது. போன பிசாசு என்ன தந்தது என்று அதற்கு ஞாபகமே கிடையாது.

இதைப் புரியவைக்க நான் தாயக்கட்டையைத் துணைக்கு அழைத்தேன். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கும்போது எங்கள் பாட்டி, அத்தைகள் எல்லாரும் கூடத்தில் தாயம் ஆடுவார்கள். பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் முகம். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. பாட்டி கட்டைகளை உள்ளங்கைக்குள் வைத்து நாலு தடவை உரசுவாள், "இப்போ விழும் பாரு" என்று உருட்டுவாள். விழாது. "ரொம்ப நேரமா விழலை, அடுத்தது கட்டாயம் விழும்" என்பாள். கட்டை நேர்மையானது என்றால் 16 சேர்க்கைகளில் 2 தாயம், அதாவது எட்டில் ஒன்று. அப்படியென்றால் எட்டு உருட்டலில் ஒரு தாயம் நிச்சயமா? இல்லை. எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர்கள் நூற்றுக்கு 34 பேர். பதினாறு முறை உருட்டியும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் காயை இறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டி அந்தப் பன்னிரண்டு பேரில் அடிக்கடி இருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு அதற்காகக் கோபித்துக்கொண்டு எழுந்து போனதும் உண்டு.

சாட்டைக்கும் அதே கணக்குத்தான். 512 பிசாசு கொன்றும் வெறுங்கையோடு நிற்பவர்கள் நூற்றுக்கு 37 பேர். 1,024க்கு அப்புறமும் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பேர். 1,340இல் நூற்றுக்கு ஏழு. லட்சக்கணக்கான பேர் ஆடுகிற விளையாட்டில் நூற்றுக்கு ஏழு என்பது பெரிய கூட்டம். மச்சினன் அந்தக் கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான்.

"அப்போ கென்ஷின்ல மட்டும் எப்படி மாமா?" என்றான். நல்ல கேள்வி, ஒத்துக்கொள்ள வேண்டும். 2020இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டையும் அவன் ஆடுகிறான். அதில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். ஆனால் 90 முறை இழுத்தும் வரவில்லை என்றால் 90ஆவது முறை கட்டாயம் ஒன்று வந்துவிடும், விதியே அப்படி. அதற்கு ஞாபகம் உண்டு, எண்ணிக்கொண்டே வரும். வெறுத்துப்போய் ஆள் ஓடிவிடக் கூடாது, அடுத்த இழுப்புக்கும் காசு போடவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அங்கே 'க்கு' சரியான உருபு. அதாவது மச்சினனுடைய எதிர்பார்ப்பு முட்டாள்தனம் இல்லை. ஒரு கடையின் விதியை இன்னொரு கடையில் போய்க் கேட்டான்.

ரூன்ஸ்கேப்போடு எனக்கு 2006இல் இருந்து பழக்கம். 2001இல் இங்கிலாந்தில் தொடங்கிய விளையாட்டு அது. அப்போதெல்லாம் பிரவுசரிலேயே ஓடியது, விளையாட்டைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கவில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்துச் சுரங்கத்தில் இரும்பு வெட்டியிருக்கிறேன். காசு கொடுத்து இரும்பு வெட்டுவதா என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அப்புறம் விளையாட்டு ஆளே தெரியாதபடி மாறிப்போனது. பழையதுதான் வேண்டும் என்று ஆட்கள் கேட்கவே, 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ஒரு நகலைத் தூசி தட்டி 2013இல் மறுபடி திறந்தார்கள். பெயரிலேயே 'ஓல்டு ஸ்கூல்' என்று சேர்த்துவிட்டார்கள். நானும் மச்சினனும் ஆடுவது அதைத்தான். வீட்டில் என் சம்சாரம் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மரம் வெட்டுறது'.

இனி வேகச் சண்டை. இது மாதக்கணக்கில் நடந்தது.

மச்சினனுக்கு விளையாட்டில் அடிக்கடி லேக் வந்தது. பெரிய சண்டை நடக்கும்போது பாத்திரம் அப்படியே நிற்கும், பிறகு எல்லாம் சேர்ந்து ஓடும், பார்த்தால் இவன் செத்துக் கிடப்பான். 40 எம்பிபிஎஸ் இணையத் திட்டத்தை 300 ஆக மாற்றினான். (தமிழில் எழுதினால் இதற்கும் டாக்டர் படிப்புக்கும் வித்தியாசமே இல்லை. "300 எம்பிபிஎஸ்ஸா, எந்த ஆஸ்பத்திரி?" என்று மாமியார் கேட்டது நிஜம்.) இணைப்பை மாற்றிக் கொடுக்க வந்த பையன் "இனிமே கேம் பறக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் முள் துள்ளிக்கொண்டு போனது. விளையாட்டு மட்டும் பழையபடியே நின்று நின்று ஓடியது.

"ஸ்பீடு கூடியிருக்கு, ஆனா ஸ்பீடு கூடலை" என்றான். அவன் புலம்பலாகச் சொன்ன இந்த வாக்கியம் விஞ்ஞானப்படி முழுக்கச் சரி. நாம் ஸ்பீடு என்ற ஒரு சொல்லை இரண்டு சங்கதிக்குப் பயன்படுத்துகிறோம். விநாடிக்கு எவ்வளவு தகவல் வந்து கொட்டுகிறது என்பது ஒன்று. கேட்டதற்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது மற்றது. முதலாவதைத்தான் திட்டம் போட்டு விற்கிறார்கள். இரண்டாவதற்குப் பெயர் பிங், அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் மதகைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். கூடுதல் கன அடி திறந்துவிட்டால் வந்து சேரும் தண்ணீர்தான் கூடும். ஆயிரம் கன அடியைப் பத்தாயிரம் ஆக்கினோம் என்பதற்காக மதியமே முக்கொம்பில் தண்ணீர் நிற்காது. எம்பிபிஎஸ் என்பது கன அடி, பிங் என்பது அந்த மூன்று நாள்.

நாங்கள் ஆடும் சர்வர் இங்கிலாந்தில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வெற்றிடத்தில் போகும் வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர், போக வர 16,400. எந்தத் தடங்கலும் இல்லாமல் ஒளி போய்த் திரும்பினாலே 82 மில்லிவிநாடி ஆகும். அதற்குக் கீழே பிங்கைக் கொண்டுவர எந்தக் கம்பெனியாலும் முடியாது, எவ்வளவு பணம் கட்டினாலும் முடியாது. கேபிளும் நேர்க்கோட்டில் போவதில்லை. அரபிக்கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றிக்கொண்டு போகிறது. நடுவில் எத்தனையோ இடத்தில் நின்று மாறிப் போகிறது. எங்கள் வீட்டில் அளந்தால் 168 மில்லிவிநாடி. திருச்சியிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்வர ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. நான் இதைக் குறை சொல்லத் தயாரில்லை.

இந்தச் சுற்றுவழி நிஜமாகவே கடலுக்கடியில் கிடக்கிறது என்பது 2008 ஜனவரி கடைசியில் எனக்குத் தெரியவந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்து, இந்தியாவில் பாதி இணையம் படுத்துவிட்டது. பிரவுசிங் சென்டர் அண்ணன் சாயங்காலம் முழுக்க மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அதன் தலையில் ரெண்டு தட்டும் தட்டினார். மறுநாள் பேப்பரில் வரைபடம் போட்டிருந்தார்கள். "எகிப்துல அறுந்ததுக்கு நான் சத்திரத்துல ஸ்விட்சை அமுக்கிட்டு இருந்தேனா" என்று சிரித்தார். அன்றைக்கு எனக்குக் காசு வாங்கவில்லை.

168 என்பது தூரத்தின் கணக்கு என்று சொன்னதும் மச்சினன் அதைப் பிடித்துக்கொண்டான். "அப்போ நான் சாகுறதுக்குக் காரணம் லண்டன் தூரம்தான்."

இல்லை. இந்த விளையாட்டு 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் மூச்சு விடுகிறது. டிக் என்பார்கள். நாம் எத்தனை முறை சொடுக்கினாலும் சர்வர் அடுத்த டிக் வரும்போதுதான் அதைக் கணக்கில் எடுக்கும். 2001இல் ஓட்டை டயல்-அப் இணைப்பில் ஆடியவர்களும் சமமாக ஆட அது வழிசெய்தது. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு டிக்கில் பிசாசு கையை ஓங்குகிறது. அந்தச் செய்தி நம் திரைக்கு வர 84 மில்லிவிநாடி. கண் பார்த்து விரல் அசைய, சுறுசுறுப்பானவனுக்கு ஒரு கால் விநாடி, அதாவது 250. சொடுக்கியது இங்கிலாந்து போய்ச்சேர இன்னொரு 84. மொத்தம் 418. அடுத்த டிக் 600இல். இன்னும் 182 மில்லிவிநாடி மிச்சம் இருக்கிறது. ஆக, 168 பிங்கில் செத்தால் அது லண்டன் தூரத்தால் இல்லை, கவனம் தப்பியதால்.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி அவன் மானிட்டரில் ஒட்டினேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். அவன் அதைக் கிழிக்கவில்லை, கீழே ஒரு வரி சேர்த்தான்: "168 இருந்தால்தானே?"

அவன் சொன்னது சரி. மறுநாள் ராத்திரி கணினியில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்து பிங்கை அளக்கவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 168, 167, 168, 171, 168. அலுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றே கால் வாக்கில் 240 என்று ஒன்று வந்தது. அடுத்தது 412. பிறகு 760, 915, ஒரு வரியில் பதிலே இல்லை, மறுபடி 880. திரையில் மச்சினனின் வீரன் கத்தியை ஓங்கியபடி சிலையாக நின்றான். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று இவன் குதித்தான். அரை மணி கழித்து எல்லாம் தானாகவே சரியாகி 168க்கு வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரவுட்டர் பழுது என்றேன். கம்பெனிக்காரன் ராத்திரி லைனை நெரிக்கிறான் என்றான் அவன். இப்படியே ஒரு வாரம்.

கண்டுபிடித்தது என் சம்சாரம். இரண்டு பேரும் கத்துவதைக் கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தவள், "அம்மா படுக்கப்போகும்போது போனைச் சார்ஜ் போடுறாங்க. அப்போதான் உங்களுக்கு வருது. கவனிக்கலையா?" என்றாள்.

கவனிக்கவில்லை. மாமியாரின் போனில், சார்ஜில் இருக்கும்போது மட்டும் படங்களையும் வீடியோக்களையும் இணைய மேகத்துக்கு (கிளவுட்) ஏற்று என்று யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். (யாரோ என்ன, நான்தான்.) அந்த மாதம் சொந்தத்தில் மூன்று கல்யாணம். ஒவ்வொரு நலங்கும் ஒவ்வொரு வீடியோ. அவருடைய அறை வீட்டின் பின்கோடியில், ரவுட்டருக்கும் அதற்கும் நடுவே இரண்டு பழங்காலச் சுவர்.

வைஃபையைப் பழைய எஸ்டிடி பூத் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒரே சானலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். லைன் நன்றாக இருப்பவர் பேசி முடித்து உடனே வெளியே வந்துவிடுவார். லைன் சரியில்லாதவர் "ஹலோ, ஹலோ, கேக்குதா" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உள்ளேயே நிற்பார். பின்கோடி அறையிலிருந்த மாமியாருடைய போன் இந்த இரண்டாவது ரகம். மேல் போர்ஷனிலிருந்து மச்சினனின் கணினி அதே பூத்துக்கு வெளியே கால் மாற்றி நின்றுகொண்டிருந்தது. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையில் 300 வந்தால் என்ன, 3,000 வந்தால் என்ன, நெரிசல் கூடத்துக் காற்றில். மாதாமாதம் கூடுதலாகக் கட்டிய பணம் அந்தச் சுவர்களுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

வைஃபையே வேண்டாம் என்று ரவுட்டரிலிருந்து அவன் கணினிக்கு இருபது மீட்டர் லேன் கேபிள் வாங்கி, மாடிப்படிக் கைப்பிடியோடு கட்டி, மேலே இழுத்தோம். பிங் 163. பதினொன்றே காலுக்கும் 163. திட்டத்தைப் பழையபடி 40க்கு இறக்கிவிடலாம் என்றேன். அதற்கு மட்டும் அவன் சம்மதிக்கவில்லை. "300 இருந்தா ஒரு தைரியம் மாமா."

போன் சார்ஜ் பற்றியும் ஒரு சண்டை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டால் பேட்டரி வெடிக்கும் என்பது ஒரு கட்சி. முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடவேண்டும் என்பது என் அப்பாவின் கட்சி. அப்பா சொல்வது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. அந்தக் காலத்துக்கு அதில் விஷயம் இருந்தது. இப்போதுள்ள லித்தியம் அயான் பேட்டரிக்கு அடிவரை தீர்ப்பதுதான் கெடுதல். நிரம்பியதும் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். ஆனால் நிரம்பிய நிலையிலேயே சூட்டோடு மணிக்கணக்கில் இருந்தால் ஆயுள் குறையும். அதனால்தான் புதுப் போன்களில் 80 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் வசதி கொடுத்திருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள் என்று மாமியாரிடம் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார். பவர் பேங்க் சண்டை அதைவிடச் சிறியது: 10,000 எம்ஏஎச் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. போனுக்குப் போவது 5 வோல்ட்டில் என்பதால் 7,400 ஆகிவிடும். மாற்றும்போது வீணாவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம். பின்பக்கம் பொடி எழுத்தில் அதையும் போட்டிருப்பார்கள், பூதக்கண்ணாடி வேண்டும்.

ஆனால் உண்மையான தோல்வி எனக்கு மாமியாரிடம் காத்திருந்தது.

லேன் கேபிள் இழுத்த கையோடு, அவர் போனும் சீக்கிரம் பேசி முடிக்கட்டும் என்று ரவுட்டரை அவர் அறை வாசலில் இருந்த அலமாரிக்கு மாற்றினேன். மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, "மாப்பிள்ளை, ஓவன்ல இட்லியைச் சுட வைக்கிற அதே அலைதானே இதுல வருது? ராத்திரி பூரா என் தலைமாட்டுலயா?" என்றார்.

'அதெல்லாம் வாட்ஸ்அப் புரளி' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் சொன்னது நிஜம். மைக்ரோவேவ் ஓவனும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரே அலைவரிசையில்தான் குடியிருக்கின்றன. ஓவன் ஓடும்போது சில வீடுகளில் வைஃபை தடுமாறுவதும் அதனால்தான். அளவில்தான் வித்தியாசம். ஓவன் 800 வாட்டை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைத்து இட்லிமேல் கொட்டுகிறது. ரவுட்டர் பத்தில் ஒரு வாட் அளவுக்கு நாலா பக்கமும் தெளிக்கிறது. பட்டறை உலையும் நெருப்பு, அகல் விளக்கும் நெருப்பு.

"அளவு கம்மின்னா கொஞ்சம் கொஞ்சமாச் சேருமில்ல? எக்ஸ்ரே எடுக்கும்போது டாக்டரே வெளிய போயிடறாரே."

இங்கேதான் மறுபடி ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. கதிர்வீச்சு. எக்ஸ்ரேக்கும் அதே சொல், வைஃபைக்கும் அதே சொல், வெயிலுக்கும் அதே சொல். மாங்காய் அடிக்கும் உதாரணம் சொன்னேன். மரத்தில் தொங்கும் மாங்காயின்மேல் பஞ்சு உருண்டையை லட்சம் முறை எறிந்தாலும் காம்பு அறுந்துவிடாது. ஒரே ஒரு கல் போதும். எக்ஸ்ரே கல். அதன் ஒவ்வொரு துகளுக்கும் உடம்பிலுள்ள மூலக்கூறுகளின் கட்டை உடைக்கத் தெம்பு உண்டு. வைஃபை பஞ்சு. பூஜையறை அகல் விளக்கின் ஒளித் துகள்கூட வைஃபை துகளைவிட இரண்டு லட்சம் மடங்கு வலுவானது. பஞ்சு சேர்ந்தால் கொஞ்சம் கதகதப்பு வரும், ஓவனில் நடப்பது அதுதான். காம்பு அறுவது வேறு சமாச்சாரம்.

மாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு போனை எடுத்துக் காட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011இல் இந்த ரேடியோ அலைகளைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று ஒரு செய்தி. அதுவும் நிஜம். 2பி என்ற பிரிவு, 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்று பெயர். அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. 2பி என்றால் ஆதாரம் அரைகுறையாக இருக்கிறது, முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சிக்ஸர் அடிக்கலாம் என்று நினைத்தேன்.

"அத்தை, அதே 2பி பட்டியல்ல சோத்துக்கத்தாழையும் இருக்கு. தினமும் காலைல குடிக்கிறீங்களே, அது."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எந்தக் கத்தாழை? தோலோடயா, தோல் சீவியா?"

போனில் தேடினேன். பட்டியலில் இருப்பது முழு இலையிலிருந்து எடுத்த சாறு. தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பாலும் சேர்ந்தது.

"அதான். நான் தோலைச் சீவி, மஞ்சத் தண்ணி போற வரைக்கும் ஏழு தடவை கழுவித்தானே குடிக்கிறேன். எங்கம்மா சொல்லிக் கொடுத்தது" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கத்தாழை என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்குப் போட்டுக் குழப்பியவன் அன்றைக்கு நான். ரவுட்டரைக் கூடத்துக்கே திருப்பி மாற்றினேன். பஞ்சுக்குப் பயந்து இல்லை, தோற்றவன் கொடுக்கவேண்டிய கப்பம்.

இது நடந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மேல் போர்ஷனிலிருந்து மச்சினன் ஒரு கூச்சல் போட்டான். 1,402ஆவது பிசாசு சாட்டையைத் தந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கோபுரத்தின் தரையில் ஒரு சின்னக் கயிற்றுத் துண்டு மாதிரி கிடந்தது. அதை எடுக்காமல் ரெண்டு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். விட்டால் மறைந்துவிடும் என்று நான்தான் எடுக்கச் சொன்னேன்.

"விழ வேண்டிய நேரத்துல விழுந்துடுச்சு" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. அவன் விடாமல் அடித்தான். அன்றைக்கே, அடுத்த 39ஆவது பிசாசு இரண்டாவது சாட்டையைப் போட்டது.

"அசலும் வந்துடுச்சு, வட்டியும் வந்துடுச்சு. இப்போ என்ன சொல்றீங்க மாமா? பாக்கி இல்லைன்னீங்களே?"

காகிதத்தை எடுத்தேன். 39 பிசாசுக்குள் ஒரு சாட்டை விழும் வாய்ப்பைப் போட்டுப் பார்த்தால், சொன்னால் நம்பமாட்டீர்கள், 1,340 வரை விழாமல் இருந்ததற்கும் அதே விடைதான் வந்தது. "பாரு, அப்போ உனக்கு அநியாயமாத் தெரிஞ்சதும் நூத்துக்கு ஏழு. இப்போ வட்டியாத் தெரியறதும் நூத்துக்கு ஏழு. ரெண்டும் ஒரே அளவு அபூர்வம்" என்றேன்.

அவன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"மாமா, நூத்துக்கு ஏழா, நூத்துல ஏழா?"